நீலத் தூள் போட்ட கீரை

போன மாதம் எங்கள் வார்டில் ஒரு கூட்டம் போட்டார்கள். மக்கும் குப்பைக்குப் பச்சை வாளி, மக்காத குப்பைக்கு நீல வாளி என்று வீட்டுக்கு இரண்டு கொடுத்து, எதை எதில் போடுவது என்று சொல்லித்தர ஏற்பாடு. பேச யாரைக் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? என்னைத்தான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரே ஒரு தையல் மிஷினை வைத்து ஷூவுக்கு மேல்பாகம் தைக்க ஆரம்பித்து, இன்றைக்கு ஐம்பது பெண்களுக்கு வேலை கொடுக்கிறேன். ஆம்பூரில் இறங்கி என் ஷெட் எது என்று கேட்டுப் பாருங்கள், எந்த ஆட்டோக்காரரும் வழி விசாரிக்காமல் கொண்டுவந்து விடுவார். மைக்கைப் பிடித்து, குப்பையைப் பிரிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, எங்கள் வீட்டில் குப்பை என்ற சாமானே கிடையாது, எட்டு வயதிலேயே நான் இதில் கெட்டிக்காரி என்று பேசினேன். நல்ல கைதட்டல்.

எட்டு வயதில் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். மேடையில் சொன்னால் அதன் முடிவு என்னவென்று கேட்பார்கள். முடிவு எனக்கே சரியாகத் தெரியாது.

எங்கள் அப்பா பாலாற்றங்கரையில் இருந்த ஒரு டேனரியில் வேலை செய்தார். தோல் ஷாப் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். ஆவாரம் பட்டையை ஊறவைத்த தொட்டிகளில் தோலைப் போட்டுப் பதப்படுத்துவார்கள். சாறு இறங்கிப்போன பட்டைச் சக்கையை சனிக்கிழமைகளில் வேலையாட்கள் வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போகலாம். தெருவே கூடையோடு கிளம்பும். காய்ந்த சக்கை அடுப்புக்கு, அடுப்புச் சாம்பல் பாத்திரம் தேய்க்க. ஈரச் சக்கையைச் சாணியோடு குழியில் மக்கவைத்தால் அது கீரைப் பாத்திக்கு. அரிசி களைந்த தண்ணீர் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகும், அந்த மாட்டின் சாணி எங்கள் குழிக்கு வரும். நான் எதையாவது எறியப் போனால் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு வேற வேலையே இல்லையா, நல்லா யோசி" என்பாள். யோசிக்காமல் அந்தக் கையை விடமாட்டாள். எங்கள் வரிசையில் எல்லார் வீட்டுக்குப் பின்னாலும் நாலு முழத்துக்குக் கீரைப் பாத்தி இருந்தது. அம்மாவின் கீரைக்கு ஈடு கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

அந்த வருஷம் ஷாப்பில் முதலாளி பதப்படுத்தும் முறையை மாற்றினார். பட்டைத் தொட்டிகளை மூடிவிட்டு, எங்கள் வீட்டு உயரத்துக்கு மர டிரம்களை நிறுத்திச் சுற்றவிட்டார்கள். தோல் நீல நிறத்தில் வெளியே வந்தது. அப்பாவுக்குப் புது வேலை. ஏதோ ஆரஞ்சு நிற உப்பைக் கரைத்து, ஆசிட் விட்டு, அதில் வெல்லப்பாகை ஊற்றிக் கலக்க வேண்டும். கலக்கக் கலக்க அது பச்சைத் தண்ணீராக மாறுமாம், அதுதான் தோலுக்கு மருந்தாம். மற்றதெல்லாம் என் காதில் ஏறவில்லை. தோலுக்கு வெல்லப்பாகு ஊற்றுகிறார்கள் என்பதை மட்டும் நாக்கில் எச்சில் ஊறக் கேட்டுக்கொண்டேன்.

அப்பாவிடமும் சில மாற்றங்கள் வந்தன. வேலை முடிந்து வந்தால் பம்பில் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார். அவர் சட்டையைத் துவைக்கக்கூட என்னைத் தொடவிடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தார். எங்கள் தெருவில் அதற்கு முன்னால் யாரும் ஸ்பூனால் சோறு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அம்மா கேட்டதற்கு, ஷாப்பில் இப்போது எல்லாரும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டார். எனக்குக் காரணம் தெளிவாகப் புரிந்துவிட்டது. அப்பா ஆபீசர் ஆகிவிட்டார். மறுநாளே வகுப்பில் அறிவித்தேன். நம்பாதவர்களை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குக் கூட்டிவந்து ஜன்னல் வழியாகக் காட்டினேன்.

பட்டைத் தொட்டி மூடியதோடு சக்கையும் நின்றது. குழியில் இருந்த எரு தீர்ந்ததும் கீரை வெளுக்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து, அப்பாவின் தங்கை, என் அத்தை, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நர்சம்மா அத்தையின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் ரொம்பக் கம்மியாக இருக்கிறது, இப்படியே இருந்தால் பிரசவத்தில் கஷ்டம், தினமும் கீரை கொடுங்கள் என்று சொல்லிப் போனார். அம்மா பாத்தி ஓரத்தில் நின்று வெளுத்த இலைகளைப் பார்த்தாள்.

"முதல்ல இதுக்கே ரத்தம் ஏத்தணும் போல" என்றாள். அத்தை சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் என் கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது. ஷாப்புக்குப் பின்னால், ஆற்றுப் பக்கம், நீல நிறத்தில் ஒரு குவியல் கிடக்கும். தோலின் கனத்தை மிஷினில் சீவிச் சமமாக்கும்போது விழுகிற தூள். ஈரப் பஞ்சு மாதிரி அவ்வளவு மெத்தென்று இருக்கும். அதை யாரும் அள்ளுவதில்லை, கேட்பாரும் இல்லை. இதுக்கு வேற வேலையே இல்லையா என்று நானே யோசித்தேன். ஷாப்பிலிருந்து வந்த சக்கை கீரைக்கு நல்லது. இதுவும் ஷாப்பிலிருந்துதான் வருகிறது. போதாததற்கு வெல்லப்பாகு ஊற்றினது. இன்னும் நல்லதாகத்தானே இருக்கும்? கூடை நிறைய அள்ளிவந்து, யாரையும் கேட்காமல் பாத்தியில் கொட்டிக் கிளறிவிட்டேன்.

அடுத்த வாரம் மழை பிடித்தது. மழை நின்றபோது கீரை தளதளவென்று கிளம்பி நின்றது. மழையால் வந்ததா தூளால் வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு எல்லாரும் தூள் என்றுதான் சொன்னார்கள். அம்மா என் தலையைக் கோதிவிட்டாள், இதுவே பெரிய அதிசயம். அத்தைக்கு இரண்டு வேளையும் கீரை கிடைத்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "உன் பொண்ணுக்கு மண்டை பூரா மூளை, அக்கா" என்று அம்மாவிடம் சொல்லி, தன் பாத்திக்கும் ஒரு கூடை கேட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். ஏழு வீட்டுக்கு நானே சுமந்து போய்க் கொட்டினேன். முறுக்கு கொடுத்தார்கள், பொரிகடலை கொடுத்தார்கள். இன்று என் ஷெட்டில் எத்தனையோ மாலை வாங்கியிருக்கிறேன். அந்த ஏழு வீட்டு மரியாதைக்கு எதுவும் பக்கத்தில் வராது.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. விடியுமுன் போய் இருட்டின பிறகு வருபவர், டிரம் வந்ததிலிருந்து ஞாயிறும் வேலைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷாப்புக்கு லீவு. அத்தைக்குப் பகல் சாப்பாட்டுக்குக் கீரை கடைய அம்மா அடுப்பில் சட்டியை வைத்திருந்தாள். அப்பா பல் தேய்த்துக்கொண்டே பின்பக்கம் போனவர், பாத்தி அருகில் நின்றுவிட்டார். குனிந்து மண்ணைக் கிளறினார். நீலத் துணுக்குகள் தெரிந்தன.

"யாரு போட்டது?" என்று கேட்டார்.

நான்தான் என்று முன்னால் போய் நின்றேன். பாராட்டுக்குத் தயாராக நின்றேன் என்றே சொல்ல வேண்டும். அப்பா உட்கார்ந்து, கீரையை வேரோடு பிடுங்க ஆரம்பித்தார். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும், ஒன்று விடாமல். நான் போட்ட சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள். அதற்குள் அவர் எழுந்து உள்ளே போய், கொதிக்கிற சட்டியைத் துணியால் பிடித்து இறக்கி, கொண்டுவந்து குழியில் கவிழ்த்தார்.

எங்கள் வீட்டில் சமைத்த சோற்றை ஒரு பருக்கை எறிந்து நான் பார்த்ததில்லை. அம்மா குழி ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா ஆச்சு உனக்கு? உன் தங்கச்சிக்குன்னு வெச்சதுய்யா அது."

"அதுக்குத்தான் கொட்டினேன்" என்றார் அப்பா.

அத்தை வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, எத்தனை நாளாக இதைத் தின்கிறேன் என்று விரல்விட்டு எண்ணினாள். எதற்கு எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர்களில் யாருக்கு என்ன தெரியும் என்பதே எனக்குத் தெரியவில்லை.

வேறு எங்கே போட்டாய் என்று அப்பா கேட்டார். ஏழு வீட்டையும் சொன்னேன். என்னைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனார். போகிற இடத்தில் எல்லாம், கீரைக்கு ஒரு சீக்கு பரவுகிறது, விவசாய ஆபீஸ் ஆள் சொன்னார், பிடுங்கிவிடுங்கள் என்றார். எந்த ஆளும் வரவில்லை. அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். பக்கத்து வீட்டு அக்கா விடுவதாக இல்லை.

"சீக்கு வந்த கீரையா மாமா இது? தளதளன்னு நிக்குது. பொண்ணு பேர் வாங்கினா உனக்கு இன்னா பேஜாரு?"

"சீக்கு உள்ள இருக்குதும்மா" என்றார் அப்பா. "வெளிய தெரியாது."

எனக்குப் பொறுக்கவில்லை. "சீக்கும் இல்ல ஒண்ணும் இல்ல, தூளுதான், உங்க ஷாப்பு தூளு" என்று கத்த ஆரம்பித்தேன். அப்பா என் வாயைப் பொத்தினார். முரட்டுத்தனமாக இல்லை, ஆனால் விடவும் இல்லை. அந்தக் கையில் துணி சுற்றியிருந்தது. ஏதோ மருந்து நெடி அடித்தது.

திரும்பி வரும்போது என்னைப் பம்படியில் உட்காரவைத்து சோப்புப் போட்டு என் கையைத் தேய்த்தார். கழுவினார், மறுபடி தேய்த்தார். "விரலை விரி" என்றார். வெயிலில் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, நக இடுக்கு வரை பார்த்தார். அப்படிப் பார்க்கும்போது அவர் கையில் துணி நழுவியது. விரல் மூட்டுகளில் நெல் மணி அளவுக்குக் குழி குழியாக இருந்தது. வலிக்குதாப்பா என்று கேட்டேன். இல்லை என்றார். ஷாப்பில் தோலுக்குப் போடும் சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று நானே பதிலும் வைத்துக்கொண்டேன்.

ஏன் அப்படிப் பொய் சொன்னார் என்பது பெரியவளான பிறகு ஓரளவு தெரிந்தது. எங்கள் தெருவில் பாதி வீடு அதே ஷாப்பில் வேலை செய்தது. ஷாப்பின் தூள் கெடுதல் என்று மருந்து கலக்குகிறவனே சொன்னால், திங்கட்கிழமை அவனுக்கு வேலை இருக்காது. ஆனால் தூள் கெடுதல்தானா? நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. தொழிலுக்கு வந்த பிறகு இரண்டு இன்ஜினியர்களைப் பிடித்துக் கேட்டேன். ஒருவர், உங்கள் அப்பா கையை அரித்தது அந்த ஆரஞ்சு உப்பு, தோல் தூள் வேறு, அது அவ்வளவு மோசமில்லை என்றார். இன்னொருவர், தின்கிற செடிக்கு அதை ஏன் போட்டீர்கள் என்று என்னைத் திட்டினார். அத்தைக்குப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆறடி ஆள், இன்று என் ஷெட்டில் சூப்பர்வைசர். அவனைப் பார்க்கும்போதெல்லாம், அத்தை கீரையைத் தின்றதால் தப்பித்தானா, பிடுங்கியதால் தப்பித்தானா, இரண்டும் இல்லாமலே தப்பித்தானா என்று யோசிப்பேன். நீல வாளி கொடுத்தவர்களிடமும் என் ஷெட்டின் தோல் துணுக்கு எந்த வாளி என்று கேட்டேன். அது வீட்டுக் குப்பை இல்லை, எங்கள் கணக்கில் வராது என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன். கீரை இல்லை, ரசம்தான். அம்மா யாரோடும் பேசாமல் பரிமாறினாள். அப்பா ஸ்பூனை எடுத்தார். அம்மா அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"அத்தனை கீரையைப் பிடுங்கத் தெரிஞ்ச கைக்குச் சோறு பிசையத் தெரியாதா?"

 அப்பா கையை ரசச் சோற்றில் வைத்தார். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அம்மா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், துணியை அவிழ்த்துப் பார்த்தாள். மறு கையையும் வாங்கிப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்து, சோற்றைப் பிசைந்து, ஒரு உருண்டை எடுத்து அப்பா வாய்க்கு நேராக நீட்டினாள். குழந்தை மாதிரி அவர் வாயைத் திறந்தார். அத்தை எழுந்து வெளியே போய்விட்டாள். அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. சண்டை போட்டவர்கள் ஏன் ஊட்டுகிறார்கள், ஊட்டுகிறவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

திங்கட்கிழமை விடியுமுன் அப்பா வழக்கம்போல ஷாப்புக்குப் போய்விட்டார், சாப்பாட்டு டப்பாவில் ஸ்பூனோடு. நான் பள்ளிக்கூடம் போனேன். கீரைச் சங்கதி அதற்குள் வகுப்பு வரை வந்துவிட்டிருந்தது, பெண்கள் என்னைப் பார்த்துச் சீக்குக்காரி என்று கேலி செய்தார்கள். போன மானத்தை எப்படியாவது மீட்க வேண்டும். கொஞ்சம் யோசித்தேன், விஷயம் கையிலேயே இருந்தது. பெஞ்சு மேல் ஏறி நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"எங்கப்பா இப்ப ஸ்பூன்லகூட சாப்பிடறதில்ல, தெரியுமா? இன்னும் பெரிய ஆபீசர் ஆய்ட்டாரு. எங்கம்மா ஊட்டித்தான் விடணும்."