வாடகை வாங்க ஒரு கணக்கு

மாதம் பிறந்தால் நான் இரண்டு வாடகை கட்டுகிறேன். ஒன்று, கனடாவின் ஸ்காபரோவில் நான் குடியிருக்கும் பேஸ்மென்டுக்கு. மற்றது, யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவில், மடத்துவெளியில் நான் குடியிருக்காத என் சொந்த வீட்டுக்கு. முதலாவதை வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுக்கிறேன், இரண்டாவதைக் குடியிருப்பவருக்குக் கொடுக்கிறேன். இதை ஒருநாள் மேல்தட்டில் இருக்கும் பஞ்சாபிக்காரரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர்தான் என் வீட்டுச் சொந்தக்காரர். அவருடைய சலவை மெசின் குழாய் என் கட்டில் காலடியில் ஒழுகுவதைப் பற்றி முறையிடப் போன இடத்தில் வந்த பேச்சு அது. பனி வழித்துக்கொண்டிருந்த மனிதர் கையிலிருந்த சவளை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "நீ அவருக்குக் காசு கொடுப்பதென்றால் வீடு அவருடையதா?" என்று கேட்டார். வீடு என்னுடையதுதான் என்றேன். "அப்படியானால் அவர் உன்னிடம் வேலை செய்கிறாரா?" இல்லை, அவர் அங்கே இருக்கிறார், இருப்பதற்குத்தான் காசு என்றேன். தனக்கும் அந்தத் தீவில் குடியிருக்க ஒரு வீடு பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். குழாயை அடுத்த கிழமை பார்ப்போம், அதுவரை ஒரு வாளி வைத்துக்கொள் என்றும் சொன்னார்.

வெளிநாட்டில் இருக்கும் தீவார் எவருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா தெற்கிலங்கையில் கடை நடத்திச் சம்பாதித்ததையெல்லாம் ஊரில் கொண்டுவந்து வீடாகக் கட்டினார். வருடம் முழுவதும் கடையில் மூட்டைகளுக்கு நடுவே படுத்தெழும்பிவிட்டு, திருவிழாவுக்கு மட்டும் வந்து நிற்பதற்கு அவ்வளவு பெரிய வீடு. பிறகு நாங்கள் எல்லோரும் ஒவ்வொரு திசையாகப் போய்விட்டோம். ஆளில்லாத வீடு எங்கள் ஊரில் சும்மா நிற்பதில்லை. முதலில் தண்ணீர் மோட்டர் போகும், பிறகு யன்னல், பிறகு கதவு நிலை. கடைசியில் சுவர் வெடிப்பில் ஆலமரம் முளைக்கும். ஆகவே வீடு பார்க்க ஆள் வைக்கவேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஆட்களைவிட வீடுகள் அதிகம் என்பதால் ஆள் கிடைப்பது லேசில்லை. வாடகை கேட்டால் சிரிப்பார்கள். நாங்கள்தான் காசு கொடுத்து, தேங்காயும் பிடுங்கச் சொல்லி, இருங்கோ இருங்கோ என்று கெஞ்சவேண்டும்.

அப்படிக் கிடைத்தவர்தான் மகேஸ்வரி அக்கா. நெடுந்தீவு. கணவர் இறந்தபின், ஒரே மகளின் படிப்புக்காக இரண்டு ஆட்டோடும் ஒரு தையல் மெசினோடும் வள்ளம் ஏறி வந்தவர். விளக்கு வைப்பார், முற்றம் கூட்டுவார், கிணறு இறைப்பார். வீடு எப்படி இருக்கிறது என்று எப்போது கேட்டாலும் "ஒரு குறையுமில்லைத் தம்பி" என்பார். வேறு ஒன்றும் சொல்லமாட்டார். அந்த அக்கா சென்ற மாசியில் எனக்குத் தொலைபேசி எடுத்து, "தம்பி, நான் இனி உங்களுக்கு வாடகை தரப்போறன்" என்றார்.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. என்ன நடந்தது என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு நாரந்தனையில ஒரு சம்பந்தம் பேசுகினம். பெடியன் நல்லவன். ஆனால் தகப்பன், காசு வாங்கிக்கொண்டு ஆரோ ஒருத்தரின்ர வீட்டுக்குக் காவலிருக்கிற குடும்பமோ எண்டு தரகரிட்டக் கேட்டவராம். வாடகைக்கு இருக்கிறம் எண்டால் ஒரு மரியாதை. நீங்கள் ஓமெண்டால் இருப்பம். ஏலாதெண்டால் வேலணையில ஒரு அறை பாத்திருக்கிறன், அங்க வாடகைக்குப் போறம்."

"வாடகைக்குக் காசு எங்கால அக்கா?"

"அதுக்குத்தானே சொல்லுறன். நீங்கள் அனுப்புறதைக் கொஞ்சம் கூட்டி அனுப்புங்கோ. நான் அதில எடுத்து உங்களுக்குத் தாறன். வங்கியில கட்டவேணும். சீல் குத்தின துண்டு இருந்தால்தான் நம்புவினம்."

சிரிக்க வேண்டிய இடம்தான். சிரிப்பு வரவில்லை. அக்கா போனால் வீடும் போய்விடும். அதைவிட, இத்தனை வருடமாக என் வீட்டுக்கு விளக்கு வைத்த குற்றத்துக்காக அவருடைய மகளின் கலியாணம் குழம்பினால் என்னால் தாங்க ஏலாது. வைகாசியில் ஊருக்குப் போனதும், காற்சட்டையைக்கூட மாற்றாமல் வங்கிக்குப் போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைக்கு என் மூத்த மகளின் வயது இருக்கும். வீட்டு வாடகை போடுவதற்கு ஒரு கணக்கு வேண்டும் என்றேன். சந்தோசமாகத் துண்டுப் பிரசுரங்களை எடுத்துப் பரப்பினார். வெளிநாட்டு நாணயக் கணக்கு நல்லதாம், ஆனால் ஊரில் கிடைக்கும் வாடகை ரூபாயை அதில் போட ஏலாதாம். ரூபாய்ச் சேமிப்புக் கணக்கில் போடலாம். இன்னொன்றுக்கு வட்டி கூட, ஆனால் வருடக்கணக்கில் தொடக்கூடாது. புதிதாக எந்தக் கணக்குத் திறந்தாலும் ஒரு குடை இலவசம்.

"வாடகைக் காசைக் கனடாவுக்கு எடுக்கிற யோசினையோ, ஐயா?"

"இல்லைப் பிள்ளை. அது கனடாவிலயிருந்துதான் வருகுது."

"குடியிருக்கிறவை கனடாவோ?"

"இல்லை, அவை மடத்துவெளியில. நான்தான் கனடா."

பிள்ளை பேனையை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தார். "குடியிருக்கிறவைக்கு என்ன வருமானம்?"

"தையல் கொஞ்சம். மிச்சம் நான் குடுக்கிறது."

"என்னத்துக்குக் குடுக்கிறியள்?"

"என்ர வீட்டில இருக்கிறதுக்கு."

"அப்ப வாடகை?"

"என்ர வீட்டில இருக்கிறதுக்கு அவ எனக்குத் தாறது."

அவர் ஒரு கடதாசியில் கனடா என்று எழுதி, மடத்துவெளி என்று எழுதி, வங்கி என்று எழுதி, அம்புக்குறி போட்டுப் பார்த்தார். வட்டமாக வந்தது. "ஐயா, வாடகையைக் கழிச்சுப்போட்டு மிச்சத்தை அனுப்பினால் உங்களுக்குக் கணக்கே தேவையில்லையே" என்றார். கழித்தால் சீல் குத்தின துண்டு கிடைக்காது என்றேன். பிள்ளை என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"அந்த அக்காவுக்குக் கலியாணம் பேசுற வயசில பொம்பிளைப்பிள்ளை இருக்கோ?"

"இருக்கு."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே, ஐயா" என்று மற்றப் பிரசுரங்களை எல்லாம் மேசை லாச்சிக்குள் தள்ளிவிட்டு, ரூபாய்ச் சேமிப்புக் கணக்கின் படிவத்தை நிரப்பத் தொடங்கினார். மாதாமாதம் தானாகவே வந்து விழும்படியும் செய்யலாமாம். வேண்டாம், அக்கா வரிசையில் நின்றுதான் கட்டுவார் என்றேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அக்கா என்னை வெளியே போகச் சொன்னார். "அவை வந்திருந்தாப்பிறகு நீங்கள் படலையைத் தட்டிக்கொண்டு வாங்கோ. அப்பதான் வீட்டுக்காரர் வந்தமாதிரி இருக்கும்." வைகாசி வெயிலில் ஒழுங்கை முகப்பில் வங்கிக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை வீட்டாரின் வான் உள்ளே போனபிறகு மெல்ல நடந்துபோய் என் வீட்டுப் படலையைத் தட்டினேன். "ஆரது?" என்று உள்ளேயிருந்து அக்கா நன்றாகவே கேட்டார். அப்பாவின் சாய்மனைக் கதிரையில் மாப்பிள்ளையின் தகப்பன் இருந்தார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடைத்தது.

"வாடகை எல்லாம் ஒழுங்கோ?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

"ஓம். ஒரு மாதமும் பிந்தினதில்லை" என்றேன். அது உண்மை. நான் ஒரு மாதமும் பிந்தியதில்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் தற்செயலாகக் கிடந்த வங்கித் துண்டில் குத்தியிருந்த சீலைப் பார்த்தார். பிறகு அக்காவிடம், வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டிக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று விசாரித்தார். அக்கா என் முகத்தைப் பார்க்காமல், "கூட்டிக் கேட்டால் வேற வீடு பாப்பம். ஊரில வீடோ இல்லை?" என்றார். சம்பந்தம் அன்றைக்கே சரிவந்தது.

ஆவணியில் கலியாணம் முடிந்து மகள் நாரந்தனைக்குப் போய்விட்டாள். அக்கா வாடகை கட்டுவதை இனி விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. நான் அனுப்பி ஒரு கிழமைக்குள் அதில் ஒரு பங்கு எனக்கே திரும்பி வந்துவிடுகிறது. கார்த்திகையில் ஒரு காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும் நேரம் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, சரியான மழை. முன் அறை ஒழுகுது. வாடகை குடுத்துக்கொண்டு ஒழுகுற வீட்டில இருக்கேலாது. நீங்கள்தான் திருத்தித் தரவேணும்."

எப்போது தொடங்கியது என்று கேட்டேன்.

"அது நாலைஞ்சு மாரியா ஒழுகுது. முந்தி எப்பிடிச் சொல்லுறது? காசு தந்து இருத்தினவரிட்டக் குறை சொல்லலாமோ?"

எனக்குச் சொல்லமுடியாத சந்தோசம். அந்த வீட்டைப் பற்றி ஒருவர் என்னிடம் முறைப்பாடு செய்வது இதுதான் முதல் தடவை. இவ்வளவு நாளும் நான் காசு அனுப்புகிறவன். இப்போதுதான் வீட்டுக்காரன். "வாற கிழமை பாப்பம் அக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் அது மேல்தட்டுக்காரருடைய பேச்சு என்று உறைத்தது. அவசரமாக, எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று கேட்டேன்.

"உங்கட கட்டில் போட்டிருந்த இடத்திலதான். வாளி வச்சிருக்கிறன். கேக்குதோ பாருங்கோ" என்று தொலைபேசியை அங்கே கொண்டுபோய்ப் பிடித்தார்.

டொக், டொக் என்று நன்றாகக் கேட்டது. ஆனால் அது மடத்துவெளியில் விழுந்த சத்தமா, என் கட்டில் காலடியில் நான் வைத்திருந்த வாளிக்குள் விழுந்த சத்தமா என்று எனக்குத் தெரியவில்லை.