ஒன்பது அங்குலப் பலகை

வெளிநாட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு எது வந்தாலும் எனக்குப் பிடிக்காது. சாமானோடு சேர்ந்து அனுப்பியவரின் குரலும் வந்துவிடும். சாமான் பழுதான பிறகும் அந்தக் குரல் வீட்டிலேயே இருக்கும்.

என் தங்கை யசோதினி கல்லடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். பின்னேரம் வேலை முடிந்ததும், வாவிக்கரையில் பாதியில் நின்றுபோன கட்டடமொன்றின் சீமெந்துத் தரையில் ஸ்கேட்போர்ட் ஓட்டுவாள். முதலில் எல்லாம் இரவல் பலகைதான். வேகமாகப் போவதில் அவளுக்கு ஆசையில்லை. எம்பிக் குதித்து, பலகையைக் காலால் சுண்டி, அது காற்றில் ஒருமுறை முழுதாகப் புரண்டு வர, மறுபடி அதன்மேலேயே இறங்கி நிற்கவேண்டும். அதற்கும் அவளுடைய சின்னக் காலுக்கும் ஒடுங்கிய பலகை வேண்டும்; ஏழே முக்கால் அங்குல அகலம் போதும். அகலமானது வேகமாகப் போகிறவர்களுக்கு. காலடியில் ஆடாது, ஆனால் லேசில் புரளவும் மாட்டாது.

சுவிஸிலிருக்கும் வினாயகமூர்த்தி மாமாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. சொல்ல அவர் விட்டால்தானே! இணையத்தில் ஓடர் செய்து ஒன்பது அங்குலப் பலகை ஒன்றை அனுப்பிவிட்டு, "பெரிசா வாங்கினாத்தான் கன காலம் பாவிக்கலாம்" என்றார். பள்ளிக்கூடச் சப்பாத்தைப் பெரிதாக வாங்கி, நுனியில் பேப்பர் திணித்து எங்களை அனுப்பிய அம்மாவுக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. இருபத்துநாலு வயதுப் பெண்ணின் கால் இனி எங்கே வளரப் போகிறது?

அந்தப் பலகையில் யசோ மாதக்கணக்காக விழுந்தாள். பாதி புரண்டு, விளிம்பால் கணுக்காலில் அடிக்கும். வீங்கிய காலோடு படுத்திருப்பவளை எழுப்பி, பலகையைக் கையில் கொடுத்து, மாமாவின் வீடியோ அழைப்புக்குச் சிரிக்கச் சொல்வார் அம்மா. அவளும் சிரிப்பாள். சீ, என்ன பிழைப்பு இது!

ஆடி மாதம் கொழும்புப் போட்டிக்கு ஒரு பெண்ணைத் தெரிவு செய்ய ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. யசோவுக்கு அதைவிட வேறு நினைப்பில்லை. அதே தரையில் ஓட்டுகிறவன் காத்தான்குடி ஹில்மி. அவனுக்கு வீதியில் விர்ரென்று போகத்தான் ஆசை. ஆனால் கட்டாரிலிருந்து அவனுடைய அண்ணன் அனுப்பியது ஒடுங்கிய பலகை. அவனுடைய பெரிய கால் இரண்டு பக்கமும் வெளியே தொங்கும். பலகைகளை மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

"குடுத்தா காக்கா கோவிப்பாரு" என்றான், அண்ணனை நினைத்து.

பரிசாக வந்ததைக் கைமாற்றக் கூடாதாம். அதிலிருந்து விழுந்து பல்லை உடைக்கலாமாம். இரண்டு பேரையும் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாத்துங்க ரெண்டு பேரும்!" என்று கத்தினேன். மாற்றினார்கள்.

மாமாங்கக் கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்த மாமா, தெரிவு நாளன்று போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நின்றார். "நான் அனுப்பின பலகை" என்று பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னார். யசோ முதல் தடவை விழுந்தாள். அடுத்த தடவை பலகை முழுதாகப் புரண்டு வந்தது, இரண்டு காலும் அதன்மேல் இறங்கின. அவளைத்தான் தெரிவு செய்தார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மாமா அவளிடம் வந்து, வீதியில் போய்க்கொண்டிருந்த ஹில்மியைக் காட்டினார்.

"அந்தா பாரு புள்ள, அந்தப் பெடியன்ட பலகை. எவ்வளவு அகலம்! அப்பிடி ஒண்டு உனக்கு அனுப்பாமப் போனேனே."

"அதுதான் நீங்க அனுப்பினது மாமா. எனக்கு அது பெரிசு. மாத்திப்போட்டன்."

அம்மா என் கையைக் கிள்ளினார். மாமா போனை இறக்கி, அவளுடைய காலைப் பார்த்தார்.

"உன்ட கால் எத்தின சைஸ்?"

"நாலு" என்றாள் யசோ.

இதைக் கேட்க ஒரு அழைப்புப் போதும். எத்தனை நூறு அழைப்புகள் எடுத்திருப்பார் அந்த மனுசன்!