தையல்கார அக்காவின் ஜன்னல்

அந்த ஊரில் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: தையல்கார அக்காவின் ஜன்னல். கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றால் இரண்டு கோடு வரும். அரை அடி நகர்ந்தால் அதுவும் போய்விடும். அதனால் ஊரின் கல்யாணப் பேச்சு, வேலை விசாரிப்பு, மூலவியாதி வைத்தியம் எல்லாம் அக்காவின் மெஷினுக்கு இரண்டு முழம் தள்ளித்தான் நடந்தன.

காது புளித்துவிட்டதாக அக்கா புலம்பாத நாள் இல்லை. ஆனாலும் பேச்சு சூடு பிடிக்கும்போது மெஷினை மிதிக்கும் கால் தானாக நின்றுவிடும். கேட்பதோடு விட்டாலாவது பரவாயில்லை, உள்ளிருந்தே யோசனையும் சொல்வாள். மறுமுனையில் இருப்பவர்கள், முகம் தெரியாமலே, அந்த அக்கா என்ன சொல்கிறாள் என்று கேட்கப் பழகிவிட்டார்கள்.

கடைசியாக அங்கே நின்று பேசியவன் பால்காரன். நகரத்தில் வாழ்க்கைப்பட்ட அவன் தங்கை, வீட்டில் ஒரு துரும்பையும் நகர்த்தாத கணவனைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அக்கா வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள்.

"பையைத் தூக்கிட்டுக் கிளம்பச் சொல்லு. பயந்துடுவான்."

தங்கைக்கே அது கேட்டிருக்கிறது. பையோடு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன் என்று அவள் சொல்லும்போதே பால்காரனின் போன் அணைந்துபோனது.

மறுநாள் ஊருக்கு வெளியே புது டவர் வேலை செய்ய ஆரம்பித்தது. டவர் கேட்டுக் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து அக்காவுடையதுதான். ஊர் வம்பு தன் காதில் விழவே கூடாது என்று எழுதச் சொன்னவளும் அவளே. அவரவர் கட்டிலில் படுத்தபடி பேசத் தொடங்கினார்கள். ஜன்னல் பக்கம் ஈ காக்கை இல்லை.

இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் ஒரே தையலை இரண்டு முறை பிரித்தாள். அந்தப் புருஷன் பயந்தானா, இல்லை, விட்டது தொல்லை என்று இருந்துவிட்டானா? குடும்பத்தைக் கத்தரித்த பாவம் யார் தலையில் விழும்? அந்த மனுவுக்குப் பிறகு எந்த முகத்தோடு போய் விசாரிப்பது?

பத்தாம் நாள், சட்டை அளவு தொலைந்துவிட்டதாகச் சொல்லிப் பால்காரனை வரவழைத்தாள். தோளை மூன்று முறை அளந்தாள். கழுத்துக்கு வந்ததும் டேப்பைக் கொஞ்சம் இறுக்கினாள்.

"உன் தங்கச்சி எப்படிடா இருக்கா?"

"நல்லாத்தான்க்கா இருக்கா. கட்டைவிரல் படம் அனுப்பினா. நானும் அனுப்பினேன்."

"வீட்டுக்குத் திரும்பிட்டாளா?"

"அதையெல்லாம் யாருக்கா டைப் பண்றது?"

அங்கேயே போனைப் போடச் சொன்னாள். அக்காவின் குரல் கேட்டதும் தங்கை பிடித்துக்கொண்டாள்.

"எங்கக்கா போயிட்டீங்க? பத்து நாளா ஃப்ரெண்ட் வீட்டுல உக்காந்திருக்கேன். பையைத் தூக்கச் சொன்னீங்க, தூக்கிட்டேன். அடுத்தது என்னன்னு சொல்லவே இல்லையே?"

"அவன் கூப்பிட்டானா?"

"தினமும் கூப்பிடறார். உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னு கேக்கறார்."

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"உப்பை மட்டும் சொல்லு, மத்ததை அவனே தேடட்டும். ஞாயித்துக்கிழமை போய்ப் பாரு. அடுப்பு எரிஞ்சிருந்தா உள்ள போ. அப்புறம், என் நம்பரைக் குறிச்சுக்கோ. நடுவுல இவன் எதுக்கு?"

பால்காரன் கையை விரித்தபடியே, அளவு எடுத்தாயிற்றா என்று கேட்டான். அக்கா டேப்பை அவன் கழுத்திலேயே விட்டுவிட்டு, போனோடு ஜன்னல் பக்கம் போனாள்.