பூஜ்ஜியத்தில் ஒரு கீறல்

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஸ்டீரிங் வளையத்துக்குள் தலையை நுழைத்தார் முள்காரர். மூக்குக்கண்ணாடி சரிந்து மேலுதட்டில் வந்து நின்றது. வண்டி ஓடிய தூரத்தைக் காட்டும் ஆறு இலக்கங்களில் முதலாவது பூஜ்ஜியம். அதன் இடது ஓரத்தில் வெள்ளை மை உரிந்து, தலைமுடி கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு.

டார்ச்சை அணைத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கோடு அங்கேயே இருந்தது.

"என்னப்பா, உள்ளயே குடிவந்துடுவீங்க போலிருக்கு" என்றாள் மகள். கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

ஸ்பீக்கர் வயர் லூசாக இருக்கிறது என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னார். அந்தப் பக்கத்தில் ஸ்பீக்கரே கிடையாது.

வண்டியை வாங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அப்பா அம்மாவிடம் காட்டிவிட்டுப் போக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். வெள்ளை நிறம், நாலு கதவு, ஜப்பான் வண்டி. அவளைவிடப் பத்து வயது இளையது. எலும்பு முறிந்தவர்களை நடக்க வைக்கும் பிசியோதெரபிஸ்ட் அவள். மறுநாள் மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர வேண்டும். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் ஏறிவிடலாம் என்று திட்டம். அவளேதான் ஓட்டுவாள். பக்கத்தில் புருஷன், பின் சீட்டில் நாலு வயதுப் பேத்தி. மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை.

அவரைத் தெருவில் முள்காரர் என்பார்கள். ஸ்பீடாமீட்டர் முள் ஆடினாலும் படுத்துக்கொண்டாலும் அவரிடம்தான் வருவார்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை. மேசைமேல் வெள்ளைத் துணி, கடிகாரக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடி, ஊசிகள். தெருக்கோடியில் பழைய கார்கள் விற்கும் மைதானம் ஒன்று உண்டு. அதன் முதலாளிக்குப் பளபளா என்று பெயர். டயருக்குக்கூட எண்ணெய் பூசி மினுக்கி நிறுத்துகிற ஆள். தன் தலைக்கும் அதே அளவு எண்ணெய்தான். பல வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள் அவர் ஒரு மீட்டரைக் கழற்றி எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். முள்ளெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, எண்தான் கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்றார். முள்காரர் மீட்டரை அவர் பக்கமே தள்ளினார்.

"வயசைக் குறைச்சுக் காட்டுறது தப்புன்னா, தலைக்கு மை அடிக்கிறவன் எல்லாரையும் பிடிச்சு உள்ள போடணும்" என்றார் பளபளா.

மகள் அப்போது கைக்குழந்தை. வீட்டில் பால் மாவு டப்பா மூன்று நாளுக்கு மேல் தாங்குவதில்லை. முள்காரர் செய்துகொடுத்தார். அப்புறம் நிறுத்துவதற்குச் சந்தர்ப்பம் அமையவில்லை.

தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். மீட்டரில் இருக்கிற எண்ணைப் படிப்பதில்லை. எண் தெரியும் சன்னல்மேல் முதலில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவார். இலக்கச் சக்கரங்களைக் கோர்த்திருக்கும் கம்பியை உருவினால் ஆறும் துணிமேல் உருண்டுவிடும். உருண்டதோடு பழைய எண் கலைந்துபோகும். பிறகு ஆண்டவனே வந்து கேட்டாலும் சொல்ல முடியாது. பளபளா சொன்ன எண்ணுக்குத் திரும்பக் கோர்த்து, ஊசியால் ஒவ்வொரு சக்கரத்தையும் நேராக்கி மூடிவிடுவார். எவ்வளவு குறைத்தோம் என்று தெரியாததால் பாவத்தில் தன் பங்கு பாதிதான் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

பளபளா கொண்டுவந்தவற்றில் முக்கால்வாசி ஒரே கம்பெனி வண்டிகள். மற்ற கம்பெனி வண்டிகளில் எண்ணைக் குறைத்தால் வண்டியே காட்டிக்கொடுத்துவிடும். இருமும், புகையும், குலுங்கும். இந்த ஜப்பான் வண்டி வாயைத் திறக்காது. இரண்டு லட்சம் ஓடியதும் இருபதாயிரம் ஓடியதும் சாவியைத் திருப்பினால் ஒரே மாதிரிதான் எழுந்திருக்கும். அவ்வளவு ஒழுங்காகச் செய்த வண்டி என்பதால்தான் அதில் எந்த எண்ணை வைத்தாலும் செல்லுபடியானது.

ஊசி ஒரே ஒருமுறைதான் வழுக்கியது. கடைசியாக இடது ஓரத்துச் சக்கரத்தை நேராக்கும்போது போன் அடித்து, கை அதிர்ந்து, முதல் பூஜ்ஜியத்தில் கோடு விழுந்துவிட்டது. வேறு சக்கரம் தேடட்டுமா என்று கேட்டார். பூஜ்ஜியத்தை எவன் உற்றுப் பார்க்கப் போகிறான் என்று பளபளா எடுத்துக்கொண்டு போனார். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும்.

அந்தப் பூஜ்ஜியம் இருந்த இடத்தில் முன்பு ஒன்று இருந்ததா, இரண்டு இருந்ததா. காரிலிருந்து இறங்கும்போது அவர் யோசித்தது அதைத்தான்.

சாப்பாட்டின்போது மருமகன் வண்டியின் குலப்பெருமை பேசினான். ஆறு மாதமாக இதே கம்பெனி வண்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்து எல்லாவற்றையும் படித்திருந்தான். ஆரம்பத்தில் அவர்கள் தறி செய்தவர்களாம். நூல் அறுந்தால் தானே நின்றுவிடுகிற தறி. அதிலிருந்து காருக்கு வந்தார்கள். முதன்முதலில் கடல்தாண்டி விற்கப்போன கார் அந்த ஊர் நெடுஞ்சாலையில் மூச்சு வாங்கி, அவமானப்பட்டுத் திரும்பி வந்ததாம். பத்து வருஷத்தில் அதே ஊருக்கு மறுபடி போய் ஜெயித்தார்களாம். குழுவில் ஒரு டாக்ஸிக்காரர் எஞ்சினைத் திறக்காமலே ஐந்து லட்சம் ஓட்டியிருக்கிறார். இன்னொருவர் வண்டி இரண்டு நாள் வெள்ளத்தில் கிடந்து, காயவைத்ததும் கிளம்பிவிட்டது. எல்லாவற்றையும் சம்பந்தி வீட்டுப் பெருமைபோல அவன் சொன்னான்.

"நம்ம வண்டி எண்பத்தோராயிரம்தான் மாமா. ஒரு வாத்தியார் ஸ்கூலுக்கும் வீட்டுக்குமா ஓட்டினது" என்றான்.

வண்டி விற்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வாத்தியார் எங்கிருந்துதான் கிடைப்பாரோ என்றாள் முள்காரரின் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள்.

டைமிங் பெல்ட்டை மாற்றிவிட்டுப் போகலாமே என்றார் முள்காரர். எஞ்சினின் முன்பக்கம் மூடிக்குள் சுற்றுகிற பல்வைத்த ரப்பர் பட்டை அது. தேய்வது வெளியே தெரியாது, சத்தமும் வராது. லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். விட்டால் ஒருநாள் அறுந்துபோகும். அறுந்த நொடியில் எஞ்சின் நின்றுவிடும். ஸ்டீரிங் கல்லாகும். இரண்டு மூன்று தடவை மிதித்தபின் பிரேக்கும் இறுகிவிடும். சமவெளியில் ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம்.

லட்சத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறதே என்றான் மருமகன். ரப்பர் ஓடாமலே காய்ந்துபோகும் என்றார் முள்காரர். அதுவும் சரிதான், முதல் லீவில் மாற்றிவிடலாம் என்று அவன் மரியாதையாகச் சொன்னான். மரியாதையாகச் சொன்ன பிறகு பேச என்ன இருக்கிறது.

கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய் மெக்கானிக்குக்குப் போன் செய்தார். கடை லீவு, மச்சினன் வீட்டுக்கு வந்திருக்கிறேன், நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்றார் அவர். பளபளாவைக் கூப்பிட்டார். கீறல் என்றதுமே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. எண் மட்டும் வரவில்லை.

"என்கிட்டேருந்து போய் ரெண்டு மூணு கை மாறியிருக்கும். நடுவுல எவனாவது பெல்ட்டை மாத்தினானான்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்றார். பிறகு, "தினமும் எத்தனையோ வண்டி மலை ஏறுது, இறங்குது. நம்ம கை பட்டதும் அதுல இருக்கும். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார்.

முள்காரர் போனை வைத்தார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக மலைப்பாதையில் போன வண்டிகளை அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது வரிசையாக வந்தன. ஆனால் கடைசியில் ஒரே ஒரு வண்டிதான் நின்றது. அதன் பின் சீட்டில் பேத்தி ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள்.

உள்ளே பெட்டி கட்டுகிற சத்தம் கேட்டது. சாவியை ஒளித்துவைக்கலாம். மாற்றுச் சாவி மகளின் கைப்பையில் இருந்தது. டயரில் காற்றை இறக்கலாம். மருமகனிடம் பம்ப் இருந்தது. எழுந்துபோய், தண்ணீர் அளவு பார்க்கிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வண்டியின் முன்மூடியைத் தூக்கினார். ஓரத்துக் கறுப்புப் பெட்டியைத் திறந்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கினார். நீல நிறத்தில் விரல்நகம் அளவு. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூடியைச் சாத்தினார்.

மூன்று மணிக்கு மகள் சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினாள். பிடிக்கவில்லை. மருமகனின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. பந்தியில் தன் வீட்டு ஆள் தட்டைக் கவிழ்த்துவிட்ட மாதிரி நின்றான்.

"நல்லவேளை, வாசல்லயே படுத்துடுச்சு. மலைல படுத்திருந்தா?" என்றாள் முள்காரரின் மனைவி.

அதைத்தான் நானும் சொல்கிறேன் என்று முள்காரர் அவசரமாகச் சேர்ந்துகொண்டார். வண்டி இங்கேயே இருக்கட்டும், நாளைக்கு மெக்கானிக் பார்ப்பார், இன்றைக்கு பஸ்ஸில் போய்விடுங்கள். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. மகள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

மருமகன் குழுவில் எழுதிப் போட்டிருந்தான். பதில்கள் குவிந்தன. பேட்டரி என்றார் ஒருவர். பிளக் என்றார் இன்னொருவர். இந்த வண்டி இப்படி நிற்காது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றார் மூன்றாமவர். நாலாவது ஆள் ஒரு படமே அனுப்பிவிட்டார்: கறுப்புப் பெட்டி, எந்த ஃபியூஸ் என்று அம்புக்குறி. மருமகன் மூடியைத் திறந்து போனை வைத்து ஒப்பிட்டான். அம்புக்குறி காட்டிய இடம் காலியாக இருந்தது.

"எரிஞ்சிருந்தா இங்கயே இருக்கும். இது கழட்டினது" என்றான். யாரையும் பார்க்காமல்தான் சொன்னான்.

மகளின் கண் அப்பாவின் சட்டைப்பையில் நின்றது. மெல்லிய வெள்ளைத் துணி. உள்ளே நீலம் தெரிந்தது.

"அதைக் கொடுங்கப்பா."

கொடுத்தார். அவள் அதை வண்டியில் போடவில்லை. கையில் மூடி வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மீட்டரைக் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சின்ன வயதில் கடைத் துணியில் உதிரியாகக் கிடந்த சக்கரங்களை உருட்டித்தான் அவள் எண்கள் படித்தாள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்பது காலேஜ் போகிற வயதில் தெரிந்துவிட்டது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

"இது உங்க கை பட்டதா?"

தலையாட்டினார்.

"எவ்வளவு?"

"தெரியாதும்மா."

"தெரியாதுன்னா? பத்தாயிரமா, லட்சமா?"

"நான் பழைய நம்பரைப் பாக்க மாட்டேன். பாக்காமத்தான் செய்வேன்."

அவள் சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. "நல்லதுப்பா. கண்ணை மூடிக்கிட்டு ரோட்டைக் கடக்கச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் எனக்கும்."

மருமகன் மெதுவாக, அப்படியானால் பெல்ட் என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. முள்காரரின் மனைவி உள்ளே போய்விட்டாள். போகும்போது புருஷனின் முகத்தைப் பார்க்கவில்லை.

மகள் இறங்கி, ஃபியூஸைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டிகளை வெளியே எடுத்து வைத்தாள். முள்காரர் ஒன்றைத் தூக்கினார். அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டாள். கார்தான் வேண்டும் என்று அழுத பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். மருமகன் பெட்டிகளோடு போய் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினான். வண்டி கிளம்பியதா என்று குழுவில் யாரோ கேட்டிருந்தார்கள். கிளம்பிவிட்டது, சின்ன விஷயம்தான் என்று பதில் போட்டான்.

மறுநாள் காலை மருமகனும் முள்காரரும் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். மருமகன் மெதுவாக ஓட்டினான். மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பெல்ட்டை உருவினார். பற்கள் எல்லாம் இருந்தன. முதுகில் சின்னச் சின்ன வெடிப்புகள். கம்பெனியிலிருந்து வந்த பெல்ட் இல்லை, இடையில் யாரோ ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். நேற்று மலை ஏறியிருக்குமா என்று முள்காரர் கேட்டார். ஏறியிருக்கலாம் என்றார் மெக்கானிக். புதிய பெல்ட் போட மதியம் ஆயிற்று. மருமகன் அங்கிருந்தே மலைக்குக் கிளம்பினான். முள்காரர் நடந்து கடைக்குப் போனார். பளபளா இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. வேறொருவர் கொண்டுவந்த மீட்டரில் நின்றுபோன முள்ளைச் சரிசெய்து கொடுத்தார். வீட்டுக்கு வந்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்றும், வண்டி மேலே போய்ச் சேர்ந்துவிட்டது என்றும் சொன்னாள். அவர் சரி என்றார்.