தேனாம்பேட்டையில் மூன்று விநாடி

காலை 9.10. திருச்சியிலிருந்து எழும்பூர் வந்து இறங்கி, மயிலாப்பூர் குளக்கரையில் நின்றிருந்தேன். ஆன்லைன் ஜப்பானிய வகுப்பில் பதினான்கு மாதமாக என்னோடு படிக்கும் இர்ஃபானை அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்க்கப் போகிறேன். எழுத்தில் நாங்கள் பேசாத விஷயமில்லை. குரலில் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. எனக்குத் திக்கும். மைக் ரிப்பேர் என்று சொல்லி வைத்திருந்தேன்.

புகைப்படத்தைவிட ஒல்லியாக இருந்தான். "கயல்தானே? ட்ரெய்ன்ல தூங்கினியா?"

தொண்டை கட்டியிருக்கிறது என்று போனில் தட்டிக் காட்டினேன். அப்புறம் இருவருக்கும் சேர்த்து அவனே பேசினான். வடக்கு மாட வீதியில் இரண்டு காபி, அறுபது ரூபாய். பதற்றத்தில் அவன் இரண்டு முறை சர்க்கரை போட்டுக்கொண்டான்.

10.25. தி. நகரில் அவன் அண்ணனுக்கு லேஸ், பட்டன் கடை. அங்கே போகலாம் என்றான். நான்கு கிலோமீட்டருக்கு ஆட்டோ நூற்றைம்பது கேட்டது. எல்டாம்ஸ் சாலை முடியும் தேனாம்பேட்டை சிக்னலில் நின்றோம். சிவப்பு எண் 90 காட்டியது.

கடையில் அண்ணன் ஏதாவது கேட்பார். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"இர்... இர்..." அவன் பெயரிலேயே மாட்டிக்கொண்டேன். அவன் திரும்பிப் பார்த்தான். எண் ஐந்து, நான்கு என்று இறங்கி மூன்றில் நின்றுவிட்டது.

"இன்னா நைனா, மாட்டிக்கிச்சா இது?" ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். பின்னால் ஹாரன்கள் அலறின. கொஞ்ச நேரத்தில் அவையும் ஓய்ந்தன.

"இர்ஃபான், மை... மைக் ரிப்பேர் இல்ல. தொண்டையும் க... கட்டல. நான் இப்... இப்படித்தான் பேசுவேன்."

முடித்தேன். இரண்டு, ஒன்று, பச்சை.

அண்ணா சாலையைத் தாண்டும்போது இர்ஃபான் என் பக்கம் திரும்பினான். "அவ்ளோதானா? ஊர்ல மாப்ள பாத்துட்டாங்கன்னு சொல்லப்போறியோன்னு பயந்துக்கினு இருந்தேன்."

"இருவது வருசமா இதே ரோட்ல ஓட்டிக்கினு கீறேன்மா," என்றார் ஓட்டுநர். "சிக்னல் இப்டி நின்னு பாத்ததேயில்ல."

கடையில் அண்ணன் ஊரைக் கேட்டார். 'திருச்சி' வெளியே வர நேரமானது. அவர் ரிப்பன் சுற்றிக்கொண்டே காத்திருந்தார்.

மாலை 4.20. சாதா பஸ், எனக்கு இலவசம், அவனுக்குப் பத்து ரூபாய். ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் இறங்கி அடையாற்றுப் பாலத்தில் நடந்தோம். ஏழு மணிக்கு எனக்குத் திரும்பும் பஸ்.

எங்கள் ஊரில் எல்லோரும் அன்பானவர்கள். நான் திக்கியதும் மிச்ச வார்த்தையை அவர்களே போட்டு முடித்துவிடுவார்கள். பல நேரம் அது நான் சொல்ல வந்ததாக இருக்காது. நானும் தலையாட்டிவிடுவேன்.

"அடுத்த மாசம் வருவியா?" என்று கேட்டான்.

பதில் வருவதற்குள் பாதிப் பாலம் தாண்டியிருந்தோம். அவன் நடையைக் குறைத்துக்கொண்டானே தவிர, எடுத்துக் கொடுக்கவில்லை. 'வருவேன்' என்பதை முழுக்க நானே சொன்னேன்.