இண்டிகேட்டர் அடிக்கு ஒரு டேனிஷ் சொல்

டிக், டிக், டிக். பிளெய்ன்ஸ்பரோ சிக்னலில் இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கிறேன். இந்தப் புதுக் காரில் இண்டிகேட்டர் சத்தம் ஸ்பீக்கரில் வருகிறதாம். பழைய காரில் உள்ளே நிஜமாகவே ஏதோ அடித்துக்கொள்ளும். அந்த அடிக்குத்தான் என் மனைவி வசந்தி டேனிஷ் படித்தாள்.

அவளுக்கு வேலை போயிருந்தது. விசா கெடு ஓடிக்கொண்டிருந்தது. என் விசாவில் மனைவியாகச் சேர்ந்துகொள்ளேன் என்றேன்; அதில் வேலை பார்க்க முடியாது.

"ஹெச் ஃபோர்ல உக்காந்து உனக்கு லஞ்ச் பேக் பண்ணவா? ஆளை விடுப்பா."

கோபன்ஹேகனில் ஒரு மருந்துக் கம்பெனி கூப்பிட்டிருந்தது. கடைசி இண்டர்வியூவில் கொஞ்சம் டேனிஷும் பேச வேண்டும். நானோ கிரீன் கார்டு வரிசையில் நிற்பவன். நகர்ந்தால் இடம் போய்விடும்.

காலையில் என்னை ரயிலுக்குக் கொண்டுவிடும் வழியில், திரும்பக் காத்திருக்கும்போதெல்லாம் இண்டிகேட்டர் அடிக்குப் பாடம் நடக்கும். ஓப்ஹோல்ஸ்டில்லாதெல்ஸ. தங்குவதற்கான அனுமதி. இரண்டு சொல்லை ஒட்டி ஒன்றாக்கியது; ஒட்டு எங்கே என்று கண்டுபிடித்துப் பிரிக்க வேண்டும். ஓப்ஹோல்ஸ் ஒரு துண்டு, டில்லாதெல்ஸ இன்னொன்று. முதல் துண்டின் தலையில் முழு அடி, அடுத்ததன் தலையில் அரை அடி, மிச்சமெல்லாம் மூச்சோடு கரைந்துவிட வேண்டும். நம் நாக்கோ பந்தியில் யாரையும் விடாமல் எல்லா அசைக்கும் ஒரே அளவு பரிமாறும். கரூரில் கொஞ்ச நாள் மிருதங்கம் கற்றுக்கொண்டு ஓடிவந்த தைரியத்தில், டாஷ்போர்டில் தட்டிக் காட்டினேன்.

"கெட்டிமேளம் கொட்டுறியா? மொத எடத்துல மட்டும் அடி."

"அப்புறம்?"

"அப்புறம் இறங்கிடணும். நீ கடைசி வரைக்கும் அடிச்சிட்டே இருக்க."

பின்னால் ஹாரன். சிக்னல் எப்போதோ பச்சையாகியிருந்தது.

இண்டர்வியூ வீடியோ காலில். அன்று பக்கத்து அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொல் வந்தது. மேசையில் அவள் விரல் தட்டுவதும் கேட்டது: ஒரு பெரிய அடி, ஒரு சின்ன அடி. பிசகவே இல்லை. என் கையும் தொடையில் கூடவே தட்டியது. மறுபக்கத்தில் யாரோ சிரித்துப் பாராட்டினார்கள்.

கார்டு பிறகு வந்தது. அந்தக் கார் போய்விட்டது. வசந்தியும் நானும் இப்போது பிறந்தநாளுக்கு மட்டும் மெசேஜ் அனுப்பிக்கொள்கிறோம்.

அவள் கிளம்பிய அன்று, நூவர்க் விமான நிலைய வாசலில் காரின் நாலு விளக்கும் அடித்துக்கொண்டிருக்க, பெட்டியை இறக்கினேன். போலீஸ்காரர் கையை ஆட்டியபடி வந்துகொண்டிருந்தார்.

"கார்டு வந்ததும் வந்துடுவல்ல?" என்றாள்.

"முதல்ல நீ போய்ச் சேரு."

பெட்டியின் கைப்பிடியை இழுத்து நீட்டினாள்.

"சரி, வண்டிய எடு. பின்னாடி வெயிட் பண்றாங்க."