எழுந்தேற்றத்தில் நின்ற கேசட்

மாதா கோயிலில் அப்பா செபமாலையைத் தொடங்கினால் கடைசி வரிசைவரை கேட்கும். அந்தக் குரலைப் பக்கவாதம் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டது. "ம்" என்பது மட்டும் மிஞ்சியது. ஞாயிறு காலையில் பூசைக்கு மணி அடித்தால் கட்டிலில் படுத்தபடியே கண் கலங்குவார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் காரைக்காலில் கல்லூரி மாணவி. கோயில் பாட்டுக்குழுவிலும் இருந்தேன். பூசையை டேப்பில் பிடித்துவந்து அப்பாவுக்குப் போட்டால் என்ன என்று தோன்றியது. பக்கத்து வீட்டுப் பாய் சவூதியிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தார்.

"பூசைக்குத்தானே? தாராளமா எடுத்துட்டுப் போம்மா. பேட்டரிகூடப் புதுசு," என்றார்.

பங்குச் சாமியார்தான் கிண்டல் செய்தார். "பொட்டிக்குள்ள சத்தந்தான் வரும், பூசை வராது. சரி, புடிச்சுக்க."

ஞாயிறு காலைப் பூசையைப் பிடித்துவந்து, அன்று சாயங்காலம் கட்டிலருகே ஸ்டூலில் டேப்பை வைத்தேன். பாட்டுக்குழுப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள். எங்கள் பாட்டு எங்களுக்கே கேட்டதும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற மணி ஒலித்ததும் யாரும் சொல்லாமலே எல்லோரும் முழந்தாளிட்டோம். பெட்டிக்கு முன்னால் முழந்தாளிடுகிறோமே என்று அந்த நேரத்தில் எவருக்கும் தோன்றவில்லை.

அப்போது பார்த்து, டக்கென்று பொத்தான் எகிறியது. ஒரு பக்கம் முடிந்துவிட்டது. கேசட்டைத் திருப்பிப் போட்டால் மீதிப் பூசை வரும். ஆனால் எழுந்தேற்றத்தில் எழுந்து நடமாடுவதா? சின்ன வயதிலிருந்து வாங்கிய அதட்டல்கள் எங்களைத் தரையோடு ஒட்டிவைத்தன. தலை குனிந்தபடி, யாராவது எழுவார்களா என்று காத்திருந்தோம்.

"பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே..."

அப்பாவின் குரல். குழறலே இல்லை. பூசையில் இடையில் வரும் செபங்களையெல்லாம் தாண்டி, சின்ன வயதில் படித்த பழைய வாசகத்திலேயே, ஒரு சொல்லும் தவறாமல் ஆமென் வரை சொன்னார். அம்மா வாய்விட்டு அழுதாள்.

நான் பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்தேன். "அப்பா, என் பேரச் சொல்லுங்கப்பா. ஒரு தடவ."

உதடு அசைந்தது. "ம்," என்றார்.

அதன்பின் அவர் இருந்த காலமெல்லாம் செபம் வந்தது, எங்கள் பெயர்கள் வரவில்லை. எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் அவர் வாய் திறந்ததும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவரிடம் மிஞ்சியிருந்த பேச்சு முழுவதும் கடவுளோடுதான் இருந்தது.